கட்டுமரம்: பெயர் நம்முடையது, படகு யாருடையது?

ஆங்கில மொழிக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் எவை என்ற பேச்சு எழும்போதெல்லாம் சுருட்டு, மிளகுதண்ணி என்பவற்றோடு தவறாமல் இடம்பெறும் சொல் கட்டுமரம். 'கட்டமரான்' என்ற வடிவில் அச்சொல் இன்று உலகத் துறைமுகங்கள் எங்கும் வழங்குகின்றது. செல்வந்தர்களின் உல்லாசப் படகுகளுக்கும், தீவுகளுக்கிடையே நூற்றுக்கணக்கான பயணிகளை ஏற்றிச் செல்லும் விரைவுக் கப்பல்களுக்கும் அதுவே பெயர். நம்மவர் மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் இதனைப் பெருமையுடன் எடுத்துரைப்பது வழக்கம். அவர்களுள் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, இரட்டை உடல் கொண்ட படகை உலகுக்கு அளித்தவனே தமிழன்தான் என்றும் முழங்குவதுண்டு.

இக்கூற்று பாதி உண்மை. மறுபாதி பிறிதோர் இனத்தாருக்கு உரியது. அந்த மறுபாதியை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பார்த்தால், நமக்கு எஞ்சி நிற்பது பெயர் மாத்திரமல்ல, பெயரைவிடப் பெறுமதியான ஒன்று என்பது புலனாகும். அதனை விளக்குவதற்குப் பெரிய கப்பல்களின் கதை தேவையில்லை. சாதாரண குடும்பமொன்று தன் கையாலேயே கட்டிக் கடலில் செலுத்தக்கூடிய, இருபத்தோரு அடி நீளமுள்ள சிறு பாய்ப்படகு ஒன்றின் வரலாறே போதுமானது.

சொல் கடந்த தூரம்

கட்டுமரம் என்பது பெயரிலேயே தன் இலக்கணத்தைச் சொல்லிவிடும் கலம். பாரமற்ற மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, அருகருகே அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டினால் அது கட்டுமரம். அதற்கு உள்ளறை கிடையாது. ஆகவே நீர் புகுந்து நிரம்பும் அச்சமும் கிடையாது. சோழமண்டலக் கரையின் முரட்டு அலைகளில், சாதாரண வள்ளங்கள் கரையேற முடியாமல் தத்தளிக்கும் இடங்களில், அலை அதன் மேலாகவும் மரங்களின் இடுக்குகளூடாகவும் வழிந்து போய்விடும். கடலில் இருந்து மீண்டதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். நீரூறிய மரம் பாரமாகிவிடும் என்பதே அதற்குக் காரணம். அடுத்த பயணத்துக்கு மீண்டும் கட்டுவார்கள்.

ஆங்கிலேயக் கடலோடியான வில்லியம் டாம்பியர், 1697 இல் வெளியான தமது உலகப் பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கிய இப்பெயரைக் குறித்து வைத்தார். அவர் விவரித்தது பாரமற்ற மரத்தாலான மிதவையையே. இரட்டை உடல் படகு எதனையும் அவர் அப்பெயரால் குறிக்கவில்லை. அதன் பின்னர் இச்சொல் ஆங்கிலக் கடற்படையினரின் வாயில் பலவாறு பொருள் மாறியது. 1804 இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்ப்பதற்கு ஆங்கிலேயர் அனுப்பிய வெடிமருந்துப் பெட்டிகளுக்குக்கூடக் கட்டமரான் என்றே பெயர் சூட்டினர். நீரோடு நீராக மிதக்கும் எதற்கும் அப்பெயர் பொருந்தும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

இரட்டை உடல் படகு ஐரோப்பியருக்கு முற்றிலும் புதியதன்று. சேர் வில்லியம் பெற்றி என்ற அறிஞர் 1662 இல் டப்ளினில் அத்தகைய கலமொன்றைக் கட்டிச் சோதனை செய்தார். ஆனால் அம்முயற்சி தொடரவில்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1876 இல், அமெரிக்கப் படகு வடிவமைப்பாளரான நதானியேல் ஹெரஷோவ் 'அமரிலிஸ்' என்னும் இரட்டை உடல் பாய்ப்படகை நியூயோர்க்கில் நடைபெற்ற நூற்றாண்டுப் படகோட்டப் போட்டியில் இறக்கினார். அது ஏனைய படகுகளை வெகு தூரம் பின்தள்ளிவிட்டு ஓடியது. தோற்றவர்கள் முறையிட்டனர். இவ்வகைப் படகுகள் வழமையான போட்டிகளில் இருந்து ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆயினும் கட்டமரான் என்ற சொல் மிதவையை விட்டு விலகி இரட்டை உடல் படகோடு ஒட்டிக்கொண்டது ஏறத்தாழ இக்காலத்திலேதான்.

பெயர் வங்கக் கடலின் மேற்குக் கரையில் இருந்து போனது. அவ்வாறாயின் இரட்டை உடல் என்ற அமைப்பு எங்கிருந்து வந்தது?

பசுபிக்கின் மாந்தர்

அந்த அமைப்பைச் சமுத்திரப் பயணத்துக்கு உரியதாக வளர்த்தெடுத்தவர்கள் பொலினீசிய மக்கள். வடக்கே ஹவாய், தெற்கே நியூசிலாந்து, கிழக்கே ஈஸ்ரர் தீவு என்னும் மூன்று முனைகளுக்கு இடைப்பட்ட மாபெரும் கடற்பரப்பில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் அவர்கள் குடியேறினர். இரண்டு நீண்ட வள்ளங்களை இடைவெளி விட்டு நிறுத்தி, குறுக்குமரங்களால் இணைத்து, இடையே தட்டு அமைத்து, அதில் குடும்பத்தையும் விதைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் பயணம் செய்தனர். வள்ளங்களையும் குறுக்குமரங்களையும் பிணைத்தது தென்னந் தும்பினால் முறுக்கப்பட்ட கயிறு. நம் கட்டுமரத்தைக் கட்டிய கயிறும் அதே தென்னையின் தும்பில் இருந்து திரிக்கப்பட்டதுதான் என்பதை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட மேலைநாட்டு அறிஞர் பலர் இம்மக்களின் கடலாற்றலை நம்பத் தயாராக இருக்கவில்லை. நோர்வே நாட்டவரான தோர் ஹெயர்டால் 1947 இல் பெரு நாட்டில் இருந்து 'கொன்-ரிக்கி' என்ற மரமிதவையில் 101 நாட்கள் பயணம் செய்து, பசுபிக் தீவுகளின் குடிகள் தென்னமெரிக்காவில் இருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்திருக்கலாம் என வாதிட்டார். நியூசிலாந்து ஆய்வாளரான அன்ட்ரூ ஷார்ப் 1956 இல் எழுதிய நூலில், தொலைதூரத் தீவுகளைப் பொலினீசியர் அடைந்தது பெரும்பாலும் திசைதவறிய தற்செயலே என்றார். தங்கள் கையில் திசைகாட்டி இல்லாத காலத்தில் தாங்கள் செய்யாத ஒன்றைத் 'தீவு மாந்தர்' செய்திருக்க முடியாது என்பதே இத்தகைய கருத்துகளின் அடியில் ஓடிய எண்ணம்.

இதற்கு மாறான சான்று ஏற்கனவே ஒன்று இருந்தது. எரிக் த பிஷொப் என்ற பிரெஞ்சுக் கடலோடி ஹவாய்த் தீவில் 'கைமிலோவா' என்னும் இரட்டை வள்ளத்தைக் கட்டி, 1937 இல் அங்கிருந்து புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1938 இல் பிரான்சை அடைந்தார். அவர் எழுதிய பயண நூல் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் ஓர் இளைஞனின் கைக்குக் கிடைத்தது.

மன்செஸ்ரர் இளைஞன்

ஜேம்ஸ் வொரம் என்னும் அந்த இளைஞர் 1928 இல் பிறந்தவர். பஞ்சாலைப் புகைபோக்கிகள் நிறைந்த தொழில் நகரத்தவர். பாய்ப்படகு என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்த நாட்டில், அவ்வளவு பணம் அவரிடம் இருக்கவில்லை. நூல்நிலையங்களில் கிடைத்த பயண நூல்களையும் பழங்கலங்கள் பற்றிய குறிப்புகளையும் படித்தே தம் முதற் படகை அவர் வரைந்தார். 1954 இல் கட்டப்பட்ட அப்படகின் நீளம் 23 அடி 6 அங்குலம். ஏறத்தாழ 200 பவுண் செலவில் முடிந்த அதற்குப் பொலினீசியக் கடவுளின் பெயரைச் சூட்டி 'தங்கரோவா' என்றழைத்தார்.

இரட்டை உடல் படகு சமுத்திர அலைகளில் பிளந்துவிடும் என்று அனுபவசாலிகள் எச்சரித்தனர். 1955 இல் வொரமும், ருத் மேர்செபேர்கர், யூற்றா ஷுல்ட்சே-ரோன்ஹோவ் என்னும் இரு ஜேர்மன் பெண்களும் பால்மத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டனர். கனேரித் தீவுகள் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து மேற்கிந்தியத் தீவான திரினிடாட்டை அடைந்தனர். படகு பிளக்கவில்லை. மூவரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தவர்கள். அந்த வாழ்க்கை முறை அக்கால ஆங்கிலேயருக்குப் பெரும் வியப்பளித்தது. யூற்றாவின் மகன் ஹன்னெஸ் திரினிடாட்டிலேயே பிறந்தான்.

அங்கே அவர்கள் 'ரொங்கோ' என்ற 40 அடிப் படகைக் கட்டினர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுக் கடலோடி பேர்னார்ட் மொய்ற்றெசியே அவ்வேலையில் கைகொடுத்தார். 1959 இல் ரொங்கோ நியூயோர்க்கில் இருந்து வட அத்திலாந்திக்கைக் கடந்து ஐரோப்பியக் கரை சேர்ந்தது. மேற்கில் இருந்து கிழக்காக அக்கடலைக் கடந்த முதற் கட்டமரான் அதுவே எனக் கொள்ளப்படுகின்றது. திசைதவறிய தற்செயல் என்ற வாதத்துக்குப் பேராசிரியர் பதவி எதுவும் இல்லாத ஒருவர் அளித்த மறுமொழி அது. 1976 இல் 'ஹொக்குலேயா' என்ற இரட்டை வள்ளம், மைக்ரோனீசிய மாலுமி மௌ பியாலுக்கின் வழிகாட்டலில், கருவிகளின் துணையின்றி ஹவாயில் இருந்து தாகிற்றியை அடைந்தபோது அவ்வாதம் மேலும் வலுவிழந்தது.

1960களின் நடுப்பகுதியில் இருந்து வொரம் படகு வரைபடங்களை விற்கத் தொடங்கினார். பின்னர் ஹனெக்கே பூன் என்னும் ஒல்லாந்துப் பெண்மணி அவருடன் இணைந்து இணை வடிவமைப்பாளரானார். வரைபடத்தை வாங்குபவர் தச்சராக இருக்க வேண்டியதில்லை. படிப்படியாகப் படங்களுடன் தரப்பட்ட விளக்கத்தைப் பின்பற்றி, கொல்லைப்புறத்திலோ வாடகைக் கொட்டிலிலோ ஓர் ஆசிரியரோ தபாற்காரரோ தம் படகைத் தாமே கட்டலாம். இவ்வாறு 10,000க்கும் மேற்பட்ட வரைபடத் தொகுதிகள் விற்பனையாயின. வொரம் 2021 டிசம்பரில் தமது 93 ஆவது வயதில் காலமானார்.

இருபத்தோரு அடி வீடு

1980களின் தொடக்கத்தில் வரையப்பட்ட 'ரிக்கி 21' என்ற படகை எடுத்துக்கொள்வோம். பெயருக்கேற்ப நீளம் 21 அடி. இரு உடல்களையும் சேர்த்த அகலம் ஏறத்தாழ 12 அடி. வெற்றுப் படகின் நிறை சுமார் 360 கிலோ மாத்திரமே. நீருக்குள் அமிழும் ஆழம் ஒன்றேகால் அடிக்கும் குறைவு. முழங்கால் அளவு நீரில் நின்று குழந்தையைத் தூக்கி ஏற்றலாம். கடற்கரை மணலில் நேரே ஏற்றி நிறுத்தலாம்.

ஒற்றை உடல் பாய்ப்படகு காற்றில் சாயாதிருப்பதற்கு அதன் அடியில் உள்ள ஏராவில் ஈயத்தையோ இரும்பையோ கட்டித் தொங்கவிடுவார்கள். படகின் மொத்த நிறையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அந்தச் சுமையே ஆகிவிடுவதுண்டு. கட்டமரானுக்கு அச்சுமை தேவையில்லை. இரண்டு கால்களையும் அகல ஊன்றி நிற்பவனை எளிதில் தள்ளிவிட முடியாதது போல, உடல்களுக்கு இடைப்பட்ட அகலமே அதனை நிமிர்த்தி வைத்திருக்கின்றது. அடியில் உலோகச் சுமை இல்லாததாலும், உடல்களில் மிதப்புக்கென மூடிய அறைகள் அமைக்கப்படுவதாலும், நீர் புகுந்தாலும் படகு எளிதில் மூழ்கிவிடாது.

உடலின் குறுக்குவெட்டுத் தோற்றம் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்றது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு வழுகாமல் தடுப்பதற்கு ஏனைய படகுகளில் உள்ள தனியான தடுப்புப் பலகை இதற்கில்லை. கூரிய அடிவயிறே அவ்வேலையைச் செய்கின்றது. உடல்கள் ஒட்டுப்பலகையால் ஆனவை. பலகைகளைத் தையல் போடுவது போலக் கம்பியால் பிணைத்து, மூட்டுகளை எபொக்சிப் பசையாலும் கண்ணாடி இழையாலும் மூடினால் உடல் உருப்பெற்றுவிடும். விலையுயர்ந்த மரமும் வேண்டாம், நீராவியில் மரத்தை வளைக்கும் வித்தையும் வேண்டாம்.

பாயிலும் ஒரு சிக்கனம் உண்டு. பாயின் முன்விளிம்பு ஓர் உறை போலப் பாய்மரத்தைச் சுற்றி மூடியிருக்கும். உச்சியில் சிறியதொரு தடி பாயை விரித்துப் பிடிக்கும். பாய்மரத்துக்கும் பாய்க்கும் இடையே காற்று சுழன்று வீணாவதில்லை. மரமும் உயரமாக இருக்க வேண்டியதில்லை. உயரம் குறைந்தால் கவிழ்க்கும் விசையும் குறையும்.

உடல்களுக்குள் ஒடுங்கிய படுக்கைகளும், அமர்ந்தால் தலை முட்டாத அளவு உயரமும் உண்டு. நின்று நடமாட முடியாது. சமைப்பதும் உண்பதும் கதைப்பதும் இரு உடல்களுக்கும் நடுவிலுள்ள திறந்த தட்டில்தான். நங்கூரமிட்ட பின் அதன்மேல் கூடாரம் விரிக்கலாம். இதனை ஒரு குறையென்பார் உளர். நம்மூர் வீட்டில் முற்றத்திலும் திண்ணையிலும் வாழ்க்கை நடத்திப் பழகியவர்களுக்கு இது குறையாகத் தோன்றாது.

இப்படகு எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்போருக்கு ஒரு விடை உண்டு. ரோரி மக்டூகல் என்ற ஆங்கிலேய இளைஞர் தாமே கட்டிய ரிக்கி 21 இல் 1991 முதல் 1997 வரை உலகைச் சுற்றி வந்தார். அவர் தம் படகுக்கு வைத்த பெயர் 'சமையற் கொழுப்பு' என்று பொருள்படும். உலகைச் சுற்றிய மிகச் சிறிய கட்டமரான் என அது அந்நாளில் போற்றப்பட்டது.

கட்டு என்னும் அறிவு

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ரிக்கி 21 இன் இரு உடல்களையும் குறுக்குமரங்களோடு இணைப்பது எது? திருகாணியோ உருக்குத் தகடோ அன்று. கயிறு. உடலில் உள்ள பிடிகளூடாகவும் குறுக்குமரத்தின் மீதாகவும் பலமுறை சுற்றி, இறுக்கி முடிந்த கயிற்றுக் கட்டு. சுக்கானைக்கூட உலோகக் கீலுக்குப் பதிலாக எட்டு வடிவில் பின்னிய கயிறே தாங்கி நிற்கின்றது.

வொரத்தின் தொடக்ககாலப் படகுகளில் திருகாணிகள் இருந்தன. பழைய பசுபிக் கலங்களை ஆராய ஆராய அவரும் ஹனெக்கே பூனும் கயிற்றுக் கட்டின் பக்கம் திரும்பினர். காரணம் எளிது. கடலில் இரு உடல்களையும் ஒரே அலை ஒரே நேரத்தில் தூக்குவதில்லை. ஒன்று மேலெழும்போது மற்றொன்று தாழும். இணைப்பு விறைப்பாக இருந்தால் அந்த முறுக்கு விசை முழுவதும் ஆணி ஏறிய சிறு துளையில் குவியும். அங்கே மரம் வெடிக்கும், உலோகம் களைத்து முறியும். கயிற்றுக் கட்டு சற்று இளகிக் கொடுத்து விசையைப் பரவலாக்கும். தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எந்தத் தீவிலும் எவராலும் மாற்ற முடியும். பயணம் முடிந்ததும் அவிழ்த்துப் பிரித்து வண்டியில் ஏற்றவும் முடியும். 1876 இல் ஹெரஷோவும் தம் படகின் உடல்கள் தனித்தனியே அசையும்படி மூட்டுகள் அமைத்திருந்தார். சிக்கலான உலோக மூட்டுகளால் அவர் சாதித்ததைத் தீவு மக்கள் தும்புக் கயிற்றால் அவருக்கு வெகு காலம் முன்னரே சாதித்திருந்தனர்.

இதுவே கட்டுமரத்தின் அறிவும் ஆகும். மரங்களை ஆணியால் அறையாமல் கட்டினார்கள். அலையை எதிர்த்து நிற்காமல் ஊடுருவிப் போக விட்டார்கள். அவிழ்த்து உலர்த்தி மறுபடி கட்டினார்கள். நமது தீவின் தென்கரையில் சிங்கள மக்களின் 'ஒருவ' எனப்படும் புறத்தாங்கி வள்ளத்திலும் வளைந்த குறுக்குத்தடிகள் கயிற்றால் கட்டப்பட்டே வந்தன. இந்து சமுத்திரத்தின் இக்கரைகளும் பசுபிக்கின் தீவுகளும் ஒரே வினாவுக்குக் கண்ட விடை ஒன்றாகவே இருந்தது. ஆகவே, 'இரட்டை உடலைக் கண்டவர் நாமே' என்ற உரிமைகோரல் பொருந்தாது. அப்பெருமை பசுபிக் மாந்தருக்கு உரியது. ஆனால் சொல்லின் முற்பாதியாகிய 'கட்டு' வெறும் ஒலியாக மேற்கே போய்ச் சேர்ந்ததன்று. அதனுள் அடங்கிய அறிவு மெய்யானது, நாமும் அறிந்திருந்தது.

குறைகளும் உண்டு. ஈயச் சுமை கொண்ட ஒற்றை உடல் படகு கவிழ்ந்தாலும் தானே நிமிரும். கட்டமரான் தலைகீழானால் நடுக்கடலில் அதனை நிமிர்த்துவது அரிது. ஆகையால் காற்று வலுக்கும் முன்பே பாயைச் சுருக்கும் கட்டுப்பாடு வேண்டும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் இலேசான படகு தன் குணத்தை இழந்துவிடும். காற்றை எதிர்த்துக் கூர்ந்து செல்வதிலும் ஆழமான ஏரா கொண்ட படகே மேலானது.

இன்று கட்டமரான் என்ற பெயரில் விற்பனையாகும் பெரும் படகுகள் பைபர்கிளாசில் ஒரே வார்ப்பாக உருவாக்கப்பட்டவை. அவற்றில் கட்டும் இல்லை, மரமும் இல்லை, பெயர் மாத்திரம் உண்டு.

நம் கரைகளிலும் நிலைமை அதுவே. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர் பல்லாண்டுகள் கடல் வலயத் தடைகளுக்குள் முடங்கிக் கிடந்தனர். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் உதவியாக வந்து குவிந்தவை பெரும்பாலும் பைபர்கிளாஸ் வள்ளங்கள். எஞ்சின் பொருத்திய வள்ளம் உழைப்பைக் குறைக்கின்றது, கூடுதலான மீனைக் கொண்டு வருகின்றது. அதனை வேண்டாம் என்று கரையில் நிற்கும் நாம் சொல்ல முடியாது. எனினும் எந்த மரத்தை எவ்விடத்தில் வைப்பது, எத்தனை சுற்றுச் சுற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்ற கணக்கு ஏட்டில் எழுதப்பட்டதன்று. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்றது. கற்பிக்கும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

பசுபிக் மக்களின் கட்டுகளை மன்செஸ்ரரில் பிறந்த ஒருவர் படித்து, வரைந்து, விளக்கம் எழுதி, உலகின் எந்த மூலையில் உள்ள குடும்பமும் பின்பற்றக்கூடிய தாள்களாக மாற்றினார். 2008 இல் பிலிப்பைன்சில் இருந்து புறப்பட்ட இரு இரட்டை வள்ளங்களை அவரும் ஹனெக்கே பூனும் துணைவர்களும் தொலைதூரத் தீவுகளான திக்கோப்பியாவுக்கும் அனுட்டாவுக்கும் ஓட்டிச் சென்று, அத்தீவு மக்களிடமே கையளித்தனர். அங்கிருந்து கற்றதை அங்கேயே திருப்பித் தந்த செயல் அது.

கட்டுமரத்துக்கு அவ்வாறான தாள்கள் நம்மிடம் எத்தனை உள? ஜேம்ஸ் ஹோர்னெல் போன்ற ஆங்கிலேய அதிகாரிகள் நூறாண்டுகளுக்கு முன் எழுதி வைத்த குறிப்புகளையே இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறோம். அகராதியில் சொல் பத்திரமாக இருக்கின்றது, அதனை எவரும் எடுத்துச் செல்லப் போவதில்லை. கட்டத் தெரிந்த முதியவர்கள் கரையில் இன்னும் சிலராவது இருக்கின்றனர். அவர்களருகே அமர்ந்து, முடிச்சு முடிச்சாகப் படம் பிடித்து எழுதி வைக்கும் வேலையே அவசரமானது. மேடைப் பெருமை சில காலம் காத்திருக்கலாம்.